எதிரியின் உடலுக்கும் மரியாதை: சண்டைக் காலத்தில் மதங்கள் என்ன பேச வேண்டும்?

சர்வமத உரையாடல் என்றதும் நம்மில் பலருக்கு ஒரு மேடைதான் ஞாபகத்துக்கு வரும். காவி, வெள்ளை அங்கி, தொப்பி என்று நான்கைந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். குத்துவிளக்கு ஏற்றுவார்கள். எல்லா மதமும் அன்பைத்தான் போதிக்கிறது என்று ஆளுக்கு ஒரு தடவை சொல்வார்கள். படம் எடுத்துக்கொண்டு கலைந்துபோவார்கள். அமைதியான ஊரில் அதற்கும் ஒரு பயன் உண்டு. ஆனால் அடுத்த தெருவில் வீடு எரியும்போது அந்த மேடையால் யார் உயிரும் தப்பாது. அந்த நேரத்தில் பேச வேண்டியவை வேறு. பிடிபட்ட ஆளை என்ன செய்வது, ஓடி வருகிறவரை உள்ளே விடுவதா, செத்துக் கிடக்கும் எதிரியின் உடலை யார் எடுத்து அடக்கம் செய்வது? இப்படிப்பட்ட கேள்விகளுக்கு வெவ்வேறு மதத்தவர் சேர்ந்து பதில் தேடுவதைத்தான் இந்தக் கட்டுரை விளக்கப் பார்க்கிறது.

மனித மாண்பு என்பது கேட்பதற்குப் பெரிய தத்துவம்போல இருக்கும். சண்டைக் காலத்தில் அது மிகச் சாதாரணமான விஷயங்களில் இருக்கிறது. ஆயுதம் இல்லாதவரைச் சுடாமல் இருப்பது. காயம்பட்டவர் எந்தப் பக்கம் என்று கேட்காமல் கட்டுப்போடுவது. பெண்களின் உடலைப் பழிவாங்கும் இடமாக்காமல் இருப்பது. கைதியைத் தெருவில் இழுத்துப்போய் அவமானப்படுத்தாமல் இருப்பது. ஒருவர் நல்லவர், நம்மவர், குற்றமற்றவர் என்பதற்காகத் தரும் சலுகை இல்லை இது. மனிதர் என்பதாலேயே அவருக்கு உரியது. 1949ஆம் ஆண்டின் நான்கு ஜெனீவா ஒப்பந்தங்களிலும் ஒரேபோல இடம்பெறும் மூன்றாவது பிரிவு, உள்நாட்டுப் போருக்கும் இந்த எல்லையைப் போடுகிறது. சரணடைந்தவர், காயம்பட்டவர், சண்டையில் பங்கெடுக்காதவர் எவரையும் கொல்லவோ வதைக்கவோ இழிவுபடுத்தவோ கூடாது.

சரி, சட்டம்தான் இருக்கிறதே, இதில் மதங்களுக்கு என்ன வேலை? கையில் கத்தியோடு நிற்கும் பையன் ஜெனீவா ஒப்பந்தத்தைப் படித்திருக்க மாட்டான். ஆனால் தனக்கு ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாரை அவனுக்குத் தெரியும். தனக்கு ஓதக் கற்றுக்கொடுத்த இமாமைத் தெரியும். அதிகாரிகள் ஓடிப்போய், காவல் நிலையம் பூட்டிக்கிடக்கும் ஊரில் திறந்திருக்கும் கடைசிக் கதவு பெரும்பாலும் ஒரு வழிபாட்டுத் தலத்தின் கதவுதான். போருக்கு வரம்பு உண்டு என்பதும் மதங்களுக்குப் புதிதில்லை. முதல் கலீஃபா அபூபக்கர் தம் படைக்கு இட்டதாகச் சொல்லப்படும் கட்டளைகளில், பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் கொல்லாதீர்கள், உடல்களைச் சிதைக்காதீர்கள், மடங்களில் இருக்கும் துறவிகளை அவர்கள் வழியில் விட்டுவிடுங்கள் என்பவை உண்டு. மகாபாரதப் போர் தொடங்கும் முன்பு, ஆயுதம் இழந்தவரையும் புறங்காட்டியவரையும் தாக்குவதில்லை என்று இரு தரப்பும் பேசி முடிவு செய்கின்றன. அந்த விதிகள் ஒவ்வொன்றாக மீறப்படுவதையும் அந்தக் கதையே மறைக்காமல் சொல்கிறது.

விதி இல்லாத மதம் இல்லை. அந்த விதியை எதிரிக்கும் பொருத்திக் காட்ட யாராவது துணிகிறார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பாங்கியில் மூன்று பேர்

இதைப் புரிந்துகொள்ள நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது மத்திய ஆப்பிரிக்கக் குடியரசை. 1960இல் பிரான்ஸிடமிருந்து விடுதலை பெற்ற நாடு அது. வைரமும் தங்கமும் மரமும் உண்டு, ஆனாலும் உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. பெரும்பான்மையோர் கிறிஸ்தவர்கள். முஸ்லிம்கள் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம். ஒரே சந்தையில் வாங்கி விற்று, ஒருவர் குடும்பத்தில் மற்றவர் பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்ந்த மக்கள்.

2012 கடைசியில், அரசு ஏறெடுத்தும் பார்க்காத வடகிழக்கிலிருந்து பல கிளர்ச்சிக் குழுக்கள் 'செலெக்கா' என்ற பெயரில் ஒன்றுசேர்ந்து கிளம்பின. 2013 மார்ச் 24 அன்று தலைநகர் பாங்கியைப் பிடித்தன. அதிபர் பொசீசே தப்பி ஓடினார். செலெக்காவில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். சாட், சூடான் நாடுகளிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் கொள்ளையடித்த வீடுகளும் கொன்ற மனிதர்களும் பெரும்பாலும் முஸ்லிம் அல்லாதவர்கள். கோபம் மூண்டது. 'ஆன்ட்டி-பலாக்கா' என்ற எதிர்ப்படைகள் எழுந்தன. அவர்களுக்குச் செலெக்காவும் பக்கத்துத் தெரு முஸ்லிம் கடைக்காரரும் ஒன்றாகவே தெரிந்தார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். சண்டை மதத்தால் தொடங்கவில்லை. அதிகாரம், வைரச் சுரங்கம், புறக்கணிக்கப்பட்ட பிரதேசத்தின் ஆத்திரம் ஆகியவற்றால் தொடங்கியது. ஆனால் யாரை அடிப்பது என்று முடிவு செய்ய மதம் கைக்கெட்டிய அடையாளமாகிவிட்டது. பெயரைக் கேட்டால் போதும், உடையைப் பார்த்தால் போதும். 'மதக் கலவரம்' என்று நாம் சொல்லிவிட்டுப் போகிற பலவற்றின் உள்ளே இப்படித்தான் இருக்கும்.

இந்த நேரத்தில் மூன்று பேர் சேர்ந்து நின்றார்கள். பாங்கியின் கத்தோலிக்கப் பேராயர் டியூதொனே நசபலைங்கா, இஸ்லாமிய சமூகத்தின் தலைவர் இமாம் ஓமர் கோபின் லயாமா, சுவிசேஷ சபைகளின் கூட்டமைப்பை நடத்திய போதகர் நிக்கோலா கெரேகொயாமே. கலவரம் பாங்கிக்குள் நுழையும் முன்பே அவர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். நெருப்பு வந்த பிறகு அறிமுகம் செய்துகொள்ள நேரம் கிடைப்பதில்லை.

2013 டிசம்பர் 5 அன்று ஆன்ட்டி-பலாக்கா பாங்கியைத் தாக்கியது. செலெக்கா பதிலுக்குப் பழிவாங்கியது. சில நாட்களில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். விமான நிலையத்தை ஒட்டிய திறந்தவெளியில் தஞ்சம் புகுந்தவர்களின் எண்ணிக்கை ஒரு கட்டத்தில் ஒரு லட்சத்தைத் தொட்டது. இமாம் கோபினின் உயிருக்கு ஆபத்து வந்தபோது பேராயர் அவரைக் குடும்பத்தோடு தம் இல்லத்துக்கு அழைத்துக்கொண்டார். அங்கே மாதக்கணக்கில் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். ஒருவர் பூசைக்குப் போனார், ஒருவர் தொழுதார். கோட்பாட்டில் யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

அவர்கள் செய்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. பேராயர் போய்க் கிறிஸ்தவர்களிடம் பேசினார். ஆன்ட்டி-பலாக்கா கிறிஸ்தவர்களின் படை இல்லை, கொல்கிறவன் சிலுவை போட்டிருந்தாலும் சபையின் பெயரால் கொல்ல முடியாது என்றார். இமாம் முஸ்லிம்களிடம் பேசினார். செலெக்கா இஸ்லாத்தின் பிரதிநிதி இல்லை என்றார். அவரவர் தரப்பின் பாவத்தை அவரவர் சொன்னார்கள். இரண்டு பேரையும் சொந்த ஆட்களில் சிலர் துரோகி என்றார்கள். எதிர்த் தரப்பின் கொடுமையைக் கண்டிக்க யாருக்கும் பெரிய துணிச்சல் தேவையில்லை. தன் தரப்பு செய்ததை, தன் தரப்பின் முகத்துக்கு நேரே, தன் மதத்தின் வார்த்தைகளிலேயே தப்பு என்று சொல்வதற்குத்தான் துணிச்சல் வேண்டும். சண்டைக் காலத்துச் சர்வமத உரையாடலின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். மற்ற மதத்துத் தலைவர் பக்கத்தில் நிற்பது அந்தப் பேச்சுக்குப் பலம் கொடுக்கிறது. அவரும் தன் ஆட்களிடம் இதையே சொல்கிறார் என்று தெரிந்தால்தான் நான் என் ஆட்களிடம் சொல்ல முடியும்.

ஒரு மருத்துவமனை முற்றம்

தலைநகரில் தலைவர்கள் பேசினார்கள், சரி. தூரத்து ஊர்களில் என்ன நடந்தது? வடமேற்கில் பொசெம்டெலே என்று ஒரு சிற்றூர். அங்கே கத்தோலிக்க மிஷன் மருத்துவமனை ஒன்றை நடத்திவந்தவர் பெர்னார் கின்வி, டோகோ நாட்டைச் சேர்ந்த இளம் பாதிரியார். நோயாளிகளைக் கவனிப்பதையே துறவறக் கடமையாகக் கொண்ட கமில்லியன் சபையைச் சேர்ந்தவர். கறுப்பு அங்கியின் நெஞ்சில் பெரிய சிவப்புச் சிலுவை இருக்கும். ஊரைச் செலெக்கா பிடித்து வைத்திருந்தபோது காயம்பட்டு வந்த செலெக்கா ஆட்களுக்கு அங்கே சிகிச்சை கிடைத்தது. ஆன்ட்டி-பலாக்கா ஆட்கள் காயத்தோடு வந்தபோது அவர்களுக்கும் கிடைத்தது.

2014 ஜனவரியில் செலெக்கா ஊரை விட்டுப் போனது. ஆன்ட்டி-பலாக்கா உள்ளே வந்து முஸ்லிம்களைக் கொன்றது. கின்வி வீடு வீடாகப் போய் உயிரோடு ஒளிந்திருந்தவர்களைத் தேடிக் கூட்டிவந்தார். இறந்தவர்களின் உடல்களை எடுத்து அடக்கம் செய்ய ஏற்பாடு செய்தார். ஏறத்தாழ 1,500 முஸ்லிம்கள் மிஷன் வளாகத்துக்குள் தஞ்சம் புகுந்தார்கள். வெளியே நின்று மிரட்டியவர்களில் பலர் கிறிஸ்தவர்கள். அவர் கையால் மருந்து வாங்கிச் சாப்பிட்டவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். நேற்று அவர்களுக்குக் கட்டுப்போட்ட கை இன்று கதவை மறித்து நின்றது. அவர் சொல்லுக்கு எடை வந்தது அதனால்தான். யாருக்கும் பாரபட்சம் பார்க்காத இடம் என்ற பெயரை அந்த மருத்துவமனை சண்டைக்கு முன்பே சம்பாதித்து வைத்திருந்தது.

இதைப் போய் 'உரையாடல்' என்று சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். சொல்லலாம் என்றுதான் நினைக்கிறேன். துப்பாக்கி வைத்திருப்பவனோடு வாசலில் நின்று பேசுவதும் உரையாடல்தான். 2017 மே மாதம் பங்கசூ நகரில் முஸ்லிம்கள் நூற்றுக்கணக்கில் பள்ளிவாசலுக்குள் முடங்கியபோது, கத்தோலிக்க ஆயர் ஹுவான் ஹோசே அகிரே அவர்களுக்கும் ஆயுதக்காரர்களுக்கும் நடுவில் போய் நின்றார். அதற்குள் கர்தினாலாகியிருந்த நசபலைங்காவும் அங்கே வந்தார். உள்ளே இருந்தவர்கள் வெளியே கொண்டுவரப்பட்டு, கத்தோலிக்கக் குருமடத்தில் தங்கவைக்கப்பட்டார்கள்.

உகாண்டாவின் வடக்கிலும் இப்படி ஒரு கூட்டணி இருந்தது. 'இறைவனின் எதிர்ப்புப் படை' என்ற கிளர்ச்சிக் குழு குழந்தைகளைக் கடத்திப் படையாட்களாக்கிய காலம். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கடத்தலுக்குப் பயந்து, ஒவ்வொரு சாயங்காலமும் கிராமத்திலிருந்து குலு நகரத்துக்கு நடந்து வந்து, கடை வாசல்களிலும் பேருந்து நிலையத்திலும் படுத்துத் தூங்கிவிட்டுக் காலையில் திரும்புவார்கள். 2003 ஜூனில் பேராயர் ஜான் பாப்டிஸ்ட் ஒடாமாவும் ஆங்கிலிக்கன், முஸ்லிம் தலைவர்களும் நான்கு இரவுகள் அந்தப் பிள்ளைகளோடு தெருவில் படுத்தார்கள். அதுவரை உலகம் திரும்பிப் பார்க்காத விஷயம் செய்தியானது. அந்தக் கூட்டணியில் முன்னின்ற ஆங்கிலிக்கன் ஆயர் ஒச்சோலாவின் மனைவி 1997இல் கண்ணிவெடியில் இறந்தவர். அப்படி இழந்தவர்தான், ஆயுதத்தைக் கீழே போட்டு வருகிறவர்களுக்கு மன்னிப்பு தரும் 2000ஆம் ஆண்டுச் சட்டத்துக்காகப் பாடுபட்டார். அவரிடம் போய் 'உனக்கு வலி தெரியாது' என்று யார் சொல்ல முடியும்?

இறந்தவரிடம் எப்படி நடந்துகொள்வது

சட்டம் மாண்பின் அடித்தளத்தைப் போட்டுத்தருகிறது. ஆனால் எது ஒருவருக்கு மரியாதை, எது அவமானம் என்பது சமூகத்துக்குச் சமூகம் வேறுபடும். அதைப் பேசித்தான் தெரிந்துகொள்ள முடியும். நமக்கு மிக அருகில் நடந்த ஒன்று இதைக் காட்டுகிறது.

இலங்கையில் 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முஸ்லிம்கள் மீது வெறுப்பு கிளறிவிடப்பட்டிருந்த காலம். அடுத்த ஆண்டு கொரோனா வந்தது. நோயால் இறந்தவர் எவராயினும் எரிக்கத்தான் வேண்டும் என்று 2020 ஏப்ரலில் அரசாணை வந்தது. உலகச் சுகாதார நிறுவனம் புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டும் சரிதான் என்று சொல்லியிருந்தும் இந்த ஆணை. ஒரு இந்துவுக்கோ பௌத்தருக்கோ தகனம் என்பது பழகிய முறை; 'இதில் என்ன இருக்கிறது' என்று தோன்றலாம். குளிப்பாட்டி, கபன் என்ற வெள்ளைத் துணியால் சுற்றி, ஜனாஸா என்ற இறுதித் தொழுகை நடத்தி, மண்ணில் அடக்குவதைக் கடமையாகக் கொண்ட முஸ்லிமுக்கு அது தாங்க முடியாத ரணம். பிறந்து 20 நாளே ஆன ஒரு பச்சைக்குழந்தையும் அந்த டிசம்பரில் எரிக்கப்பட்டது. கொழும்பில் பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வந்து வெள்ளைத் துணிகளைக் கட்டிவிட்டுப் போனார்கள். கட்டியவர்கள் எல்லாரும் முஸ்லிம்கள் இல்லை.

2021 பிப்ரவரி 3 முதல் 7 வரை கிழக்கின் பொத்துவிலிலிருந்து வடக்கின் பொலிகண்டி வரை நடந்த பேரணி தமிழர்களின் நில உரிமை, காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய கோரிக்கைகளோடு கிளம்பியது. அந்தக் கோரிக்கைகளில் ஜனாஸா எரிப்பை, அதாவது முஸ்லிம்களின் உடல்களை எரிப்பதை, நிறுத்து என்பதும் இருந்தது. கிழக்கில் முஸ்லிம்கள் வந்து சேர்ந்து நடந்தார்கள். 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதும், காத்தான்குடிப் பள்ளிவாசலில் நடந்த படுகொலையும், தமிழ்க் கிராமங்களில் நடந்த பதில் கொலைகளும் இன்னும் ஆறாத மண்ணில் இது சின்ன விஷயம் இல்லை. அந்த மாதக் கடைசியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. மார்ச் மாதம் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் முதல் உடல்கள் மண்ணுக்குள் போயின. இதற்குப் பின்னால் வெளிநாட்டு அழுத்தமும் இருந்தது, பேரணி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அதற்குள் 276 முஸ்லிம்களின் உடல்கள் எரிக்கப்பட்டிருந்தன.

தன் வழக்கத்தில் இல்லாத ஒரு சடங்கு, அடுத்தவருக்கு எவ்வளவு பெரியது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் இங்கே உரையாடலின் வேலை. புதைப்பது சரியா எரிப்பது சரியா என்று வாதாடத் தேவையே இல்லை.

எங்கே தோற்றுப்போகிறது

நல்ல கதைகளை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது ஏமாற்று வேலை. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் அந்த மூன்று பேரும் அவ்வளவு அலைந்தும், 2014இல் மேற்குப் பகுதியின் முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் லாரிகளில் ஏறிக் கேமரூனுக்கும் சாடுக்கும் ஓட வேண்டியிருந்தது. நாட்டில் இருந்த 436 பள்ளிவாசல்களில் 417 அழிக்கப்பட்டுவிட்டதாக ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதர் 2015இல் சொன்னார். சொல் மட்டும் போதாது, ஆயுதமேந்திய பாதுகாப்பும் வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. அதனால்தான் வெளிநாடுகளுக்குப் போய் ஐ.நா. அமைதிப்படையைக் கேட்டார்கள்.

மத உடை போட்டவர் எல்லாம் மாண்பைக் காப்பவர் என்று நம்பிவிடவும் கூடாது. 1994இல் ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலையின்போது தேவாலயங்களுக்குள் தஞ்சம் புகுந்தவர்கள் அங்கேயே கொல்லப்பட்டார்கள். நியாங்கே என்ற ஊரில், உள்ளே மக்கள் இருக்கும்போதே தேவாலயத்தைப் புல்டோசரால் இடித்தார்கள். அதில் பங்கு கொண்டதற்காக அந்தப் பங்குத் தந்தை அத்தனாஸ் செரொம்பாவுக்கு ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் ஆயுள் தண்டனை விதித்தது. கொன்றவரும் செத்தவரும் பெரும்பாலும் ஒரே மதம். அதனால்தான் மற்ற மதத்தோடு பேசும் முன்பு தன் மதத்துக்குள் பேசி முடிக்க வேண்டியது நிறைய இருக்கிறது என்கிறேன்.

இன்னொரு குறை, மேசையைச் சுற்றி ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருப்பது. உள்நாட்டுப் போர் நடந்த லைபீரியாவில் 2003இல் அதைப் பெண்கள் மாற்றிக் காட்டினார்கள். லேமா போவீ தலைமையில் தேவாலயத்துப் பெண்களும், அவர்களோடு சேர்ந்த முஸ்லிம் பெண்களும் வெள்ளை உடை உடுத்தி மொன்ரோவியாவின் மீன் சந்தை அருகே வெயிலிலும் மழையிலும் நாள்தோறும் உட்கார்ந்தார்கள். கானாவின் அக்ராவில் சமாதானப் பேச்சு இழுத்துக்கொண்டே போனபோது அங்கேயும் போய், கூட்டம் நடந்த அரங்கின் வாசலை மறித்துக்கொண்டு உட்கார்ந்து, முடிவு வராமல் யாரும் வெளியே போக முடியாது என்றார்கள். ஆகஸ்ட் 18 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. வேதம் தெரிந்தவர்கள் என்று யாரும் அவர்களை அழைத்துவந்து மேடையில் உட்காரவைக்கவில்லை. பிள்ளைகளை இழந்தவர்கள், அவ்வளவுதான்.

அப்புறம், நீதி. 'மன்னிப்போம் மறப்போம்' என்று மதத் தலைவர்கள் சீக்கிரமாகச் சொல்லிவிட்டால், அடிபட்டவருக்கு அது இரண்டாவது அடியாகிவிடும். மன்னிக்கிற உரிமை பாதிக்கப்பட்டவருடையது. அவர் சார்பில் வேறொருவர் அதை அள்ளிக்கொடுக்க முடியாது. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் உள்நாட்டு, வெளிநாட்டு நீதிபதிகள் சேர்ந்த சிறப்புக் குற்றவியல் நீதிமன்றம் ஒன்றுக்கு 2015இல் சட்டம் வந்தது. அதன் முதல் தீர்ப்பு 2022இல்தான் வந்தது. ஏழு வருடம் மிக நீளம், ஆனாலும் அப்படி ஒன்று வேண்டும்.

அடுத்த முறை எங்காவது கலவரம் நடந்து, சர்வமதத் தலைவர்கள் கூட்டறிக்கை விட்டார்கள் என்று செய்தி வந்தால், அதை முழுதாகப் படித்துப் பாருங்கள். 'வன்முறையைக் கண்டிக்கிறோம்' என்பதோடு நிற்கிறதா, இல்லை எந்தச் செயல் கூடாது என்று பெயர் சொல்லிச் சொல்கிறதா? ஒவ்வொருவரும் தன் சமூகத்திடம் என்ன கேட்டிருக்கிறார்? கைது செய்யப்பட்டவர்கள், காயம்பட்டவர்கள், இறந்தவர்களின் உடல்கள் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா? கையெழுத்துப் போட்டவர்கள் அடுத்த நாள் பாதிக்கப்பட்ட தெருவுக்குச் சேர்ந்து போனார்களா? உங்கள் ஊரில் அப்படி ஒரு குழு இருந்தால், கலவரம் இல்லாத இந்த நேரத்திலேயே அதன் உறுப்பினர்களிடம் போய், ஒரு வதந்தி கிளம்பினால் இரவு எந்த நேரமானாலும் ஒருவரையொருவர் கூப்பிட்டு விசாரிக்க அவர்களிடம் தொலைபேசி எண்ணாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.